கூடுவாஞ்சேரி ஃபிளாட்டா, கடலூர் வாடகை வீடா, தவளக்குப்பம் மனையா?

கேள்வி: எனக்கு வயது 37. பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாரம் 2 நாள் அலுவலகம், மற்ற நாட்கள் வீட்டிலிருந்து. கணவர் மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். கேட்டால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு மாற்றல் கிடைக்கலாம் என்கிறார். மேடவாக்கத்தில் 26,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். மகள் 4ஆம் வகுப்பு, சிபிஎஸ்இ. மாமனாருக்கு 71 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். அவரும் மாமியாரும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறார்கள். அந்த வீடு சிறியது, எல்லோரும் இருக்க முடியாது. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1.45 லட்சம் கைக்கு வருகிறது. சேமிப்பு 18 லட்சம். கூடுவாஞ்சேரியில் கட்டி வரும் அடுக்குமாடியில் 65 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்தோம், 1 லட்சம் டோக்கன் கேட்கிறார்கள். கணவர் கடலூருக்கே போய்விடலாம் என்கிறார். உறவினர் ஒருவர், தவளக்குப்பம் பக்கம் 1,200 சதுர அடி மனை வாங்கிப் போட்டு வீடு கட்டுங்கள், பாண்டியும் பக்கம், கடலூரும் பக்கம் என்கிறார். எதைச் செய்வது?
(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி, சென்னை)

பதில்: கணவர் சொல்வது சரி. கடலூருக்குப் போங்கள். ஆனால் வாடகைக்குப் போங்கள். கூடுவாஞ்சேரிக்கு டோக்கன் தராதீர்கள். தவளக்குப்பம் மனையை இப்போது தொட வேண்டாம். இது உங்கள் குடும்பத்துக்கான பதில். வயதான பெற்றோர் கடலூரில் இல்லாத வேறொருவர் கேட்டிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

முதலில் ஃபிளாட் கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 65 லட்சத்துக்கு 52 லட்சம். மீதி 13 லட்சம் உங்கள் கையிலிருந்து. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்காத ஃபிளாட் என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது 3.25 லட்சம். அதற்கு மேல் பத்திரப்பதிவுச் செலவு, மரவேலை, கார் நிறுத்த இடத்துக்குத் தனியாக ஒரு தொகை, பராமரிப்பு முன்பணம் என்று வரிசையாக வரும். எல்லாம் சேர்த்தால் 18 லட்சமும் கரைந்து, மேலும் சில லட்சங்களுக்கு நகையோ தனிநபர் கடனோ தேட வேண்டியிருக்கும். ஸ்டென்ட் வைத்த பெரியவர் இருக்கும் குடும்பம் கையிருப்பைச் சுழியத்துக்குக் கொண்டுபோவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் 18 லட்சத்தில் 6 மாதக் குடும்பச் செலவும் மருத்துவத்துக்கு ஒரு 3 லட்சமும் எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும்.

மாதத் தவணை? 52 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் 45,100 ரூபாய் சுமாராக. முதல் மாதத் தவணையில் ஏறக்குறைய 36,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். வீடு கைக்கு வரும்வரை இதில் ஒரு பகுதியையும் மேடவாக்கம் வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு உங்களுக்குக் கிடைப்பது என்ன? அலுவலகம் மேடவாக்கத்திலிருந்து இருப்பதைவிடத் தூரமாகிறது. மாமனார் வீடு அரை மணி, முக்கால் மணி நேரம் பக்கமாகிறது. இரவு 2 மணிக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தால் அந்த முக்கால் மணி நேரத்தால் எதுவும் மாறாது. புறநகர் வீடு தினமும் சென்னைக்குள் வேலைக்குப் போகும் இருவருக்கு நல்ல முடிவு. ஒருவர் வாரம் 2 நாள் போகிறார், மற்றவருக்கு மாற்றல் கிடைக்கும் என்ற நிலையில், அதிகப் பணம் கேட்டுக் குறைந்த பலன் தருகிறது.

இனி கடலூர். இந்த முடிவு முழுக்க உங்கள் அலுவலகத்தின் 2 நாளில் தொங்குகிறது, அதனால் அங்கே ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு ஒரு நல்ல வசதி: கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை வரும் பேருந்தில் திருவான்மியூரில் இறங்கினால் பெருங்குடி பக்கத்தில்தான். கடலூரிலிருந்து நாலரை, 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் என்றால் மெயின் லைனில் சென்னை போகும் இரவு வண்டிகள் திருப்பாதிரிப்புலியூரை நள்ளிரவுக்குப் பிறகு கடந்து, விடிவதற்குள் தாம்பரம் சேர்கின்றன. ஒரு முறை பரவாயில்லை. வாரா வாரம் அரைத் தூக்கத்தில் ஏறி, குளித்து முடித்து 9 மணிக்கு மீட்டிங்கில் உட்காருவது 3 மாதத்தில் உடம்பைக் கெடுக்கும். முந்தின நாள் மாலையே கிளம்பி இரவு சென்னையில் தங்குங்கள்.

அந்த 2 நாளும் அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டும். செவ்வாய், புதன் என்றால் திங்கள் மாலை கிளம்பி புதன் இரவு வீடு. வாரம் 2 இரவு வெளியே, மாதத்துக்கு எட்டு, ஒன்பது இரவு. திங்களும் வியாழனும் என்று பிரித்துப் போட்டால் வாரத்தில் 4 பயணம், அது நடக்காது. 3 நாள் ஆக்கினாலும் நடக்காது. ஆகவே வீடு தேடுவதற்கு முன்பே எச்ஆரிடம் இரண்டு விஷயத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஒன்று, எந்த இரண்டு நாள், அதை மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இரண்டு, பணியிடம் சென்னை என்றே தொடருமா, ஊர் மாறினால் சம்பளத்தில் கைவைப்பார்களா. மேலாளர் வாய்மொழியாகச் சொல்வது அவர் வேறு டீமுக்குப் போகும்வரைதான். தங்குவதற்கு மாத வாடகை பிஜி எடுக்க வேண்டாம், நாள் கணக்கில் அறை தரும் பெண்கள் விடுதி பெருங்குடி, தரமணி பக்கம் இருக்கிறது. பயணம், தங்கல், வெளிச் சாப்பாடு மூன்றையும் கூட்டி, மாதம் 10,000 ரூபாயைத் தாண்டுகிறதா என்று 2 மாதம் எழுதிப் பாருங்கள். மேடவாக்கத்தில் 26,000 கொடுக்கும் உங்களுக்குக் கடலூரில் 12,000 முதல் 15,000க்குள் மூன்று அறை வீடு பார்க்க முடியும் என்பதால், தாண்டினாலும் பெரிய இழப்பு இல்லை.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரு விஷயம் மாறும். வீட்டு வாடகைப் படிக்கான விலக்கில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீத வரம்பு, கடலூருக்கு 40. புதிய முறையில் அந்த விலக்கே இல்லை, எனவே வித்தியாசமும் இல்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு மேடவாக்கம் ரசீதையே தொடர்ந்து கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மாமனாருக்காகச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். மாரடைப்பில் உதவி கேட்டு வரும் நோயாளிக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பதே மருத்துவ நெறி. அதை மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடுவதா, உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்புவதா என்பதை ஈசிஜி பார்த்து அங்கே முடிவு செய்வார்கள். பலர் நேரே பாண்டிக்கு வண்டியை விரட்டி, அந்த முதல் மணி நேரத்தைச் சாலையில் தொலைக்கிறார்கள். ஆல்பேட்டை பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை வண்டி ஓடும். அரியாங்குப்பத்தில் சிக்கும். முருங்கப்பாக்கத்திலிருந்து இந்திரா காந்தி சிலை வரை ஊர்ந்து போகும். ஜிப்மர் ஊரின் மறு கோடியில், கோரிமேட்டில். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒருமுறை கையில் கடிகாரத்தோடு இந்த வழியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், சுற்றுலாக் கூட்டம் சேரும் நேரம் அது. 24 மணி நேரமும் கேத் லேப் (இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறக்கும் பிரிவு) இயங்கும் மருத்துவமனை எது என்று அவருடைய இதய மருத்துவரிடமே கேட்டு எழுதி, ஸ்டென்ட் அட்டை, கடைசி ஈசிஜி நகல், மாத்திரைப் பட்டியலுடன் ஒரே உறையில் வாசல் அலமாரியில் வையுங்கள். நீங்கள் சென்னையில் இருக்கும் இரவிலும் கணவர் அந்த உறையை எடுத்துக்கொண்டு ஓட முடியும்.

கடலூரில் எந்தப் பகுதி என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். இந்த ஊரைத் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, கடல் நான்கும் சூழ்ந்திருக்கின்றன. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் எல்லாம் பார்த்த ஊர். ஃபெஞ்சலில் நடந்தது வெளியூரிலிருந்து வீடு பார்க்க வருபவர்களுக்கு முக்கியமான பாடம். புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது, அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கடலூரைப் பெரிதாகத் தாக்கிய வெள்ளமோ அதற்குப் பிறகு வந்தது. மேற்கே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதியில் பெய்த மழையால் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்ட தண்ணீர், தென்பெண்ணையில் இறங்கி வந்து நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா, குண்டு உப்பலவாடி பகுதிகளுக்குள் புகுந்தது. ஊரில் மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது வரும் வெள்ளம் இது. எனவே "இங்கே மழைத் தண்ணீர் நிற்காதுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் அது பாதி பதில்தான். ஆற்றுத் தண்ணீர் வந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள்: 2015லும் 2024லும் சரக்கை எந்தத் தட்டு வரை தூக்கி வைத்தார்கள் என்று. பிறகு வீட்டைப் பாருங்கள். தெருவிலிருந்து வாசலுக்கு ஏறிப் போகிறோமா, இறங்கிப் போகிறோமா? பழைய பகுதிகளில் சாலையை மேலே மேலே போட்டு, முன்பு 3 படி ஏறிய வீடு இன்று ஒரு படி இறங்கும் வீடாகியிருக்கும். அந்த வீட்டுக்குள் தெருத் தண்ணீர் வராமல் போகாது. சுற்றுச்சுவரின் உள்பக்கம், வெள்ளையடித்த பிறகும் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு தெரிகிறதா, மின் மீட்டர் பலகையைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து மேலே ஏற்றிய தடம் இருக்கிறதா, போர் மோட்டாரைத் திண்டு கட்டி அதன் மேல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அந்த வீட்டுக்குள் ஒருமுறையாவது தண்ணீர் வந்திருக்கிறது. குளியலறை மூலையில் கழிவறைத் தண்ணீர் மேலேறிய கறை இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது செப்டிக் தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேற வழியின்றித் திரும்பும். அந்த வீட்டில் முதல் மாடியில் இருந்தாலும் கீழ்க் கழிவறைக்காரர்களோடு சேர்ந்து நீங்களும் அவதிப்படுவீர்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடலோரப் பகுதிகளில் கோடையில் போர் தண்ணீர் உவர்ப்பேறும். மே மாதத்தில் அளந்த எண்ணை நம்புங்கள், மழைக்காலத்தில் அளந்ததை நம்பாதீர்கள். முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் வாடகை மலிவாக இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பார்த்தே ஆக வேண்டும் என்றால் பகலில் போய்ப் பார்க்காதீர்கள், இரவு 10 மணிக்கும் விடியற்காலையும் போய் நின்று மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் இரண்டுக்குள் மாமனார் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், மேட்டுத் தெருவில், முதல் மாடி வீடு சரியாக இருக்கும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குக் கரண்டும் இணையமும் சோறு மாதிரி. 2 மடிக்கணினி, ரவுட்டர், 2 சாதா மின்விசிறி, ஒரு விளக்கு என்றால் 300 வாட் வரும். 150 ஏஎச் பேட்டரியைக் கெடாமல் பயன்படுத்தினால், இன்வெர்ட்டர் இழப்பும் போக, 3 மணி நேரம் தாங்கும். விசிறியைக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் 4 மணி நேரம். இணையத்துக்கு ஒரு ஃபைபர், வேறு கம்பெனி சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட். புயல் எச்சரிக்கை வந்தால் இது எதுவும் போதாது. தானே அடித்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் உண்டு. அப்படி ஒரு எச்சரிக்கை வாரத்தில் எப்படி வேலை செய்வீர்கள் என்பதை மேலாளரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

தவளக்குப்பம் மனை பற்றி. அந்தச் சாலையில் 10 நிமிடம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். தவளக்குப்பம் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். எந்த மாநிலம் என்பதைச் சர்வே எண்தான் சொல்லும், தரகர் சொல்லக்கூடாது. புதுச்சேரி நிலமாக இருந்தால் வில்லங்கச் சான்றும் நில ஆவணமும் அங்கேதான் எடுக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இணையதளத்தில் தேடினால் ஒன்றும் வராது. வராததை "வில்லங்கம் இல்லை" என்று காட்டுபவர்களிடம் ஜாக்கிரதை. 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரங்கள், நகரமைப்புக் குழும அனுமதி எண் மூன்றும் கைக்கு வராமல் முன்பணம் கூடாது. "குழி" கணக்கில் பேசினால் சதுர மீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள், குழி ஊருக்கு ஊர் வேறு அளவு. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவை. கழிமுகத்தை ஒட்டிய மனைக்கும் அந்த விதிகள் உண்டு. சுண்ணாம்பாறு பக்கம் மனை பார்ப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மனையைவிடப் பெரிய விஷயம் உங்கள் மகள். தமிழ்நாட்டு மருத்துவக் கலந்தாய்வில் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு வேலை சுலபம். வெளி மாநிலத்தில் படித்திருந்தால் பிறப்பிடச் சான்று, பெற்றோர் ஆவணங்கள் என்று நிரூபிக்க வேண்டிவரும். புதுச்சேரி ஒதுக்கீட்டுக்கோ அங்கே தொடர்ந்து 5 ஆண்டு குடியிருந்ததற்கான சான்று கேட்பார்கள். கடலூரில் குடியிருந்து பாண்டிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர்பெற்ற பள்ளி என்பதற்காக வேனில் எல்லை தாண்டி அனுப்பிவிட்டு, 12ஆம் வகுப்பில் தாலுகா அலுவலகத்துக்கு அலையும் பெற்றோர் நிறைய. அவள் 6ஆம் வகுப்பு போகும் ஜூன் மாதத்துக்குள் எந்த மாநிலம் என்று முடிவெடுத்து, வீடும் பள்ளியும் ஒரே பக்கம் இருக்கும்படி செய்யுங்கள். என் யோசனை கடலூர்ப் பக்கமே. 5ஆம் வகுப்பை அவள் கடலூரில் தொடங்கினால் பள்ளி பிடிக்கவில்லை என்றாலும் மாற்ற ஒரு வருடம் கையில் இருக்கும்.

சொந்த வீட்டு ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றை, முடிந்தால் இரண்டை, கடலூரில் பார்த்த பிறகு வாங்குங்கள். அப்போது தமிழ்நாட்டுப் பக்க மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாகப் பதிவான அனுமதியற்ற மனை என்றால் அதை முறைப்படுத்திக் கொடுத்த வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். 35 லட்சம் கடனுக்கு இதே வட்டியில் தவணை 30,400 ரூபாய்தான் வரும். உங்கள் வருமானத்துக்கு அது சுமக்கக்கூடியது.

வரிசை முக்கியம். முதலில் கணவரின் மாற்றல் உத்தரவு காகிதத்தில் வர வேண்டும், "கிடைக்கலாம்" என்பது போதாது. அடுத்து உங்கள் எச்ஆர் மின்னஞ்சல். பிறகு பள்ளி இடம். கடைசியாக வீடு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், அதே சட்டப்படி முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. கூடுவாஞ்சேரி விற்பனைப் பிரதிநிதி தினமும் போன் செய்வார், "இந்த வாரத்தோடு விலை ஏறுகிறது" என்பார். வேண்டாம் என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாற்றல் விண்ணப்பத்தை எழுதச் சொல்லுங்கள் கணவரை.